பிதிஹர்வா பள்ளிக்கூடம்



பீகார் மாநிலத்தின் வடமேற்கு மூலையில், நேபாள எல்லையை ஒட்டி, இமயமலையின் அடிவாரச் சமவெளியில் அமைந்திருப்பது மேற்குச் சம்பாரண் மாவட்டம். அம்மாவட்டத்தில் பிதிஹர்வா என்னும் சிற்றூர் ஒன்று உள்ளது. அவ்வூரில் ஓடு வேய்ந்த சிறு கட்டடமும் அதனைச் சூழ்ந்த வளாகமும் காந்தி நினைவு அருங்காட்சியகமாகப் பேணப்பட்டு வருகின்றன. காண வருவோருக்கு அங்கே காட்டப்படும் பழம்பொருள்கள் மிகச் சிலவே. பள்ளி மணி ஒன்று, மேசை ஒன்று, தானியம் அரைக்கும் திரிகை ஒன்று ஆகியவை அவற்றுள் முக்கியமானவை. மன்னர்களின் வாட்களையும் மணிமுடிகளையும் நகரங்களின் அருங்காட்சியகங்களில் கண்டு பழகியவர்களுக்கு இவை எளியனவாகத் தோன்றக்கூடும். ஆயினும், இந்நாட்டுக் கிராமக் கல்வியின் வரலாற்றை அறிய விரும்புவோர் இம்மூன்று பொருள்களின் முன் சற்று நேரம் நின்று சிந்திப்பது பயனுடையதாகும்.

1917ஆம் ஆண்டு நவம்பர் 20ஆம் நாள் காந்தியடிகள் இவ்வூரில் ஒரு பள்ளிக்கூடத்தைத் தொடங்கினார். அதற்கு ஒரு வாரம் முன்னதாக, நவம்பர் 13ஆம் நாள், பர்ஹர்வா லக்கன்சேன் என்னும் ஊரில் முதற்பள்ளி தொடங்கப்பட்டிருந்தது. மூன்றாவது பள்ளி 1918 ஜனவரி 17ஆம் நாள் மதுபனில் தோன்றியது. கல்வி, சுகாதாரம், மருத்துவம் ஆகிய மூன்றையும் ஒரே கூரையின் கீழ்க் கொணர்ந்து, ஒரு கிராமத்தை முழுமையாகத் தொட முயன்ற முன்னோடிப் பள்ளிகள் இவை.

அவுரியும் அச்சமும்

இப்பள்ளிகள் தோன்றிய சூழ்நிலையை முதலில் நினைவுகூர்தல் வேண்டும். அக்காலத்தில் சம்பாரண் ஒரே மாவட்டமாக இருந்தது. ஒரு பிகா நிலம் இருபது கட்டாக்களைக் கொண்டது. அவற்றுள் மூன்று கட்டாக்களில் கட்டாயமாக அவுரி பயிரிட்டு, தோட்ட முதலாளிகளான வெள்ளைக்காரத் துரைமார்களுக்கு அளிக்க வேண்டும் என்பது குடியானவர்கள் மீது சுமத்தப்பட்ட நிபந்தனை. இதுவே ‘தீன்கட்டியா’ முறை எனப்பட்டது. 1897இல் ஜெர்மனியிலிருந்து செயற்கை நீலச் சாயம் சந்தைக்கு வந்த பிறகு இயற்கை அவுரியின் விலை சரிந்தது. அந்த நட்டத்தைத் துரைமார்கள் தாங்களே ஏற்கவில்லை. அவுரி பயிரிடும் கடமையிலிருந்து விடுவிப்பதற்கு ஈடாக, உயர்த்தப்பட்ட குத்தகை என்றும் நட்ட ஈடு என்றும் பல பெயர்களில் அதனைக் குடியானவர்களின் தலையிலேயே ஏற்றினர்.

இப்பகுதியைச் சேர்ந்த ராஜ்குமார் சுக்லா என்னும் குடியானவர் 1916 டிசம்பரில் இலட்சுமணபுரியில் நடைபெற்ற காங்கிரஸ் மகாசபையில் காந்தியடிகளைக் கண்டு, சம்பாரணுக்கு வருமாறு விடாது வற்புறுத்தினார். 1917 ஏப்ரல் 15ஆம் நாள் காந்தியடிகள் மோதிஹாரியை அடைந்தார். மாவட்டத்தை விட்டு வெளியேறுமாறு பிறப்பிக்கப்பட்ட ஆணையை மீறியதற்காக ஏப்ரல் 18ஆம் நாள் நீதிமன்றத்தில் நின்றார். சில நாட்களில் அவ்வழக்குத் திரும்பப் பெறப்பட்டது. அதன்பின் ஆயிரக்கணக்கான குடியானவர்களின் வாக்குமூலங்கள் எழுதப்பட்டன. ஜூன் மாதத்தில் அரசாங்கம் விசாரணைக் குழு ஒன்றை அமைத்து, காந்தியடிகளையும் அதன் உறுப்பினராக்கியது. அக்குழுவின் பரிந்துரையின் பேரில் 1918இல் நிறைவேறிய சம்பாரண் விவசாயச் சட்டம் தீன்கட்டியா முறைக்கு முடிவு கட்டியது.

சட்டம் வந்தால் துன்பம் தீர்ந்துவிடும் என்று காந்தியடிகள் எண்ணவில்லை. ஊர் ஊராகச் சென்றபோது அவர் கண்டது வறுமையை மட்டுமன்று. எழுத்தறியாமையையும், அதன் விளைவான அச்சத்தையும், நோயையும் அவர் கண்டார். தாம் எந்தத் தாளில் கைரேகை வைக்கிறோம் என்பதை அறியாத குடியானவனுக்குச் சட்டத்தின் பாதுகாப்பு எவ்வளவு தூரம் பயன்படும்? இக்கேள்வியின் விடையாகவே சட்டம் நிறைவேறும் வரை காத்திராமல் பள்ளிகள் தொடங்கப்பட்டன.

அன்றைய இந்தியாவில் எழுத்தறிந்தோர் நூற்றுக்கு ஆறு பேர் என்று 1911ஆம் ஆண்டின் மக்கள் தொகைக் கணக்கு கூறுகிறது. அதே ஆண்டில் கோபால கிருஷ்ண கோகலே மத்திய சட்டசபையில் தொடக்கக் கல்வி மசோதா ஒன்றைக் கொணர்ந்தார். அது 1912இல் தோற்கடிக்கப்பட்டது. சட்டசபையில் மூடப்பட்ட அந்தக் கதவை, ஐந்து ஆண்டுகளுக்குப் பின் மூன்று கிராமங்களில் தொண்டர்கள் திறக்க முயன்றனர். கோகலே நிறுவிய இந்திய ஊழியர் சங்கத்தைச் சேர்ந்த டாக்டர் தேவ் அத்தொண்டர்களுள் ஒருவராக விளங்கியது குறிப்பிடத்தக்கது.

எத்தகைய பள்ளி?

இப்பள்ளிகளின் நோக்கத்தை மாவட்டக் கலெக்டருக்கு 1917 நவம்பரில் எழுதிய கடிதத்தில் காந்தியடிகள் விளக்கினார். பன்னிரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு இந்தி அல்லது உருதுவில் நல்ல பயிற்சியும், அம்மொழியின் வாயிலாகக் கணக்கு, வரலாறு, பூகோளம், எளிய அறிவியல் ஆகியவற்றில் அடிப்படை அறிவும், ஓரளவு கைத்தொழிற் பயிற்சியும் தரப்படும். படித்து முடித்த பிள்ளைகள் உழவுத் தொழிலைக் கைவிட வேண்டும் என்பது கருத்தன்று. கற்ற அறிவைக் கொண்டு உழவையும் உழவர் வாழ்வையும் மேம்படுத்த வேண்டும் என்பதே கருத்து. வயது வந்தோருக்குச் சுகாதாரம் பற்றியும், ஊர்ப் பாதைகளைச் சீராக்குதல், கிணறு வெட்டுதல் போன்ற பணிகளை ஒன்றுகூடிச் செய்வதன் நன்மை பற்றியும் ஆசிரியர்கள் எடுத்துரைப்பர். இயன்ற அளவு இலவச மருத்துவ உதவியும் செய்வர்.

பிற்காலத்தில் சமுதாய வளர்ச்சித் திட்டம், தேசிய விரிவுப் பணி என்னும் பெயர்களில் நாடு முழுவதும் மேற்கொள்ளப்பட்ட முயற்சிகளின் சாயலை இந்த ஒரு கடிதத்தில் காணலாம்.

ஆசிரியர்களைப் பெறுவது எளிதாக இருக்கவில்லை. சொற்ப ஊதியத்திற்கோ ஊதியமின்றியோ உள்ளூரில் தகுந்தவர்கள் கிடைக்கவில்லை. அதற்காக, கிடைத்தவரை அமர்த்திக் கொள்ளவும் காந்தியடிகள் உடன்படவில்லை. ஏட்டுப் படிப்பைக் காட்டிலும் ஒழுக்கத்தின் உறுதியே ஆசிரியருக்கு இன்றியமையாதது என்று அவர் கருதினார். பொது வேண்டுகோள் விடுக்கப்பட்டது. பம்பாய் மாகாணத்திலிருந்து தொண்டர்கள் வந்தனர். பாபன் கோகலேயும் அவர் துணைவியார் அவந்திகாபாயும் பர்ஹர்வாப் பள்ளியின் பொறுப்பை ஏற்றனர். நரஹரி பரீக், மகாதேவ தேசாய் ஆகியோர் தத்தம் மனைவியருடன் வந்து சேர்ந்தனர். பிதிஹர்வாவின் பொறுப்பு சோமன் என்னும் வழக்கறிஞருக்கும் கஸ்தூர்பாவுக்கும் அளிக்கப்பட்டது.

இங்கு ஓர் இடர்ப்பாடு எழுந்தது. குஜராத்திலிருந்து வந்த பெண்மணிகளுள் சிலருக்குத் தாய்மொழியிலேயே ஓரளவு எழுத்தறிவுதான் இருந்தது. கஸ்தூர்பாவுக்கு அதுவும் போதிய அளவு இல்லை. இவர்கள் பீகார்க் குழந்தைகளுக்கு இந்தியில் எவ்வாறு கற்பிப்பது? இலக்கணத்தையும் எழுத்தையும் விடத் தூய்மையையும் நன்னடத்தையையும் கற்பிப்பதே அவர்களின் முதற்பணி என்று காந்தியடிகள் விளக்கினார். எழுத்து வாசனை குறைந்த ஒரு பெண்மணி பள்ளியொன்றின் பொறுப்பை ஏற்று, ஊர்ப் பெண்களின் இல்லங்களுக்குள் சென்று பணியாற்றியது எளிய செய்தியன்று. ஆண் தொண்டர்கள் நுழைய இயலாத இடங்களில் இப்பெண்மணிகளால் நுழைய முடிந்தது.

செலவைப் பங்கிட்டுக் கொண்ட முறையும் கருதத்தக்கது. ஊர் மக்களிடம் கையிருப்புப் பணம் இல்லை. தானியமும் உணவுப் பொருளும் இருந்தன. எனவே ஆசிரியர்களுக்கு உணவும் உறைவிடமும் அளிப்பது ஊராரின் பொறுப்பு என்றும், பிற செலவுகளைத் தொண்டர் அமைப்பு ஏற்கும் என்றும் உடன்பாடு செய்யப்பட்டது. இல்லாததைக் கேட்காமல் இருப்பதைக் கேட்டதால், வறியவர்களும் பள்ளியைத் தங்களுடையதாகக் கருத வழி பிறந்தது.

மூன்று மருந்துகள், ஒரு புடவை

ஊர்த் தெருக்களில் குப்பை குவிந்திருந்தது. கிணறுகளைச் சுற்றிச் சேறும் துர்நாற்றமும் நிறைந்திருந்தன. தோல் நோய்கள் மலிந்திருந்தன. தொண்டர்கள் தெருவைப் பெருக்கினர்; கிணறுகளைத் தூய்மை செய்தனர்; அருகிலிருந்த குட்டைகளைத் தூர்த்தனர். மருத்துவப் பெட்டியில் ஆமணக்கெண்ணெய், கொயினா, கந்தகக் களிம்பு ஆகிய மூன்றே இருந்தன. வயிற்றுக் கோளாறுக்கு முதலாவது, சுரத்திற்கு இரண்டாவது, சொறி சிரங்குக்கு மூன்றாவது. மருந்தை வீட்டிற்கு எடுத்துச் செல்ல எவருக்கும் அனுமதி இல்லை. சிக்கலான நோயாளிகளை, குறித்த நாட்களில் ஒவ்வொரு மையத்திற்கும் வந்த டாக்டர் தேவ் கவனித்தார்.

பிதிஹர்வாவுக்கு அருகில் இருந்த ஒரு குக்கிராமத்தில் நிகழ்ந்ததைக் காந்தியடிகள் தமது வரலாற்று நூலில் பதிவு செய்துள்ளார். அங்குள்ள பெண்கள் சிலர் மிக அழுக்கான ஆடை உடுத்தியிருந்தனர். துணிகளைத் துவைக்காத காரணத்தை விசாரிக்குமாறு அவர் கஸ்தூர்பாவிடம் கூறினார். ஒரு பெண் கஸ்தூர்பாவைத் தன் குடிசைக்குள் அழைத்துச் சென்றாள். அங்கே பெட்டியும் இல்லை, பேழையும் இல்லை. உடுத்தியிருக்கும் புடவை ஒன்றே தனக்கு உண்டென்றும், இன்னொரு புடவை கிடைத்தால் நாள்தோறும் குளித்துத் தூய ஆடை உடுத்துவதாகவும் அவள் கூறினாள்.

கற்பிக்கச் சென்றவர்கள் கற்றுக்கொண்ட பாடம் இது. தூய்மை பற்றிய அறிவுரைக்கும் மாற்றுடை இல்லாத வறுமைக்கும் இடையே உள்ள தொலைவை அக்குடிசை அளந்து காட்டியது. சுகாதாரப் பிரசாரத்திற்காக இன்றும் கிராமங்களுக்குச் செல்லும் ஊழியர்கள் அக்குடிசையை மறத்தல் ஆகாது.

தீயும் செங்கல்லும்

பிதிஹர்வாப் பள்ளி முதலில் மூங்கிலாலும் புல்லாலும் வேயப்பட்ட குடிசையாக இருந்தது. ஓர் இரவில் அதற்கு யாரோ தீ வைத்தனர். அண்டைத் தோட்டத் துரையின் ஆட்கள் மீது ஐயம் எழுந்தது. ஆயினும் வழக்கிலும் வாதத்திலும் நாட்களைக் கழிக்காமல், சோமன் செங்கற் கட்டடம் எழுப்பத் தீர்மானித்தார். அவரே வேலையில் இறங்கினார். அவர் உழைப்பைக் கண்டு பலர் உடன் உழைத்தனர். விரைவில் செங்கற் பள்ளி எழுந்தது. தீக்கு அஞ்ச வேண்டிய தேவை அதன்பின் இல்லாது போயிற்று.

துரையின் பெயரைக் கேட்டாலே நடுங்கிய ஒரு பகுதியில், எரிக்கப்பட்ட பள்ளியை மீண்டும் கட்டுவதற்கு ஊரார் செங்கல் சுமந்தனர் என்பது சாதாரண மாற்றமன்று. எழுத்துப் பயிற்சியைக் காட்டிலும் பெரியதொரு கல்வி அங்கே நிகழ்ந்துவிட்டது.

நிறைவேறாத நம்பிக்கை

இவ்வளவும் உண்மையாயினும், இவ்வரலாற்றின் மறுபக்கத்தை மறைப்பது முறையன்று. இப்பணியை நிலையானதாக்க வேண்டும் என்ற தமது நம்பிக்கை நிறைவேறவில்லை என்பதைக் காந்தியடிகளே வருத்தத்துடன் ஒப்புக்கொண்டுள்ளார். வந்த தொண்டர்கள் குறுகிய காலத்திற்கென வந்தவர்கள். அவர்களுக்குப் பின் வெளியிலிருந்து வேறு தொண்டர்கள் கிடைக்கவில்லை. பீகாரிலிருந்து நிலையாகப் பணியாற்ற முன்வருவோரும் அகப்படவில்லை. 1918இல் அகமதாபாத் ஆலைத் தொழிலாளர் போராட்டமும் கேடா விவசாயிகளின் சத்தியாக்கிரகமும் அவரைக் குஜராத்திற்கு அழைத்தன. சில மாதங்கள் நடந்த அப்பணியின் செல்வாக்கு ஏதேனும் ஒரு வடிவில் அங்கு நிலைத்தது என்பதில் அவர் ஆறுதல் கொண்டார்.

அந்த வித்து முற்றிலும் வீணாகவில்லை. 1937 அக்டோபரில் வார்தாவில் கூடிய கல்வி மாநாடும், டாக்டர் ஜாகிர் உசேன் தலைமையில் அமைந்த குழுவும் ஆதாரக் கல்விக்கு உருவம் தந்தன. 1939இல் அதே சம்பாரண் மண்ணில், விருந்தாவன் பகுதியில், ஆதாரப் பள்ளிகள் தொடங்கப்பட்டன. கைத்தொழிலையும் தாய்மொழியையும் நடுவாகக் கொண்ட அக்கல்விக்குரிய கூறுகள் பல 1917ஆம் ஆண்டின் கடிதத்திலேயே இடம்பெற்றிருந்தன.

ஆயினும் புள்ளிவிவரங்கள் கூறும் உண்மை கடுமையானது. 2011ஆம் ஆண்டின் மக்கள் தொகைக் கணக்குப்படி, மேற்குச் சம்பாரணில் எழுத்தறிந்தோர் ஏறத்தாழ 56 சதவீதம். பெண்களிடையே அது 45 சதவீதம் அளவிலேயே இருந்தது. நாடு முழுவதற்கும் உரிய அளவு அப்போது 73 சதவீதம். பதினான்கு வயது வரை இலவசக் கட்டாயக் கல்வியைக் குழந்தைகளின் உரிமையாக்கிய சட்டம் நடைமுறைக்கு வந்த 2010 ஏப்ரல் வரை, கோகலேயின் மசோதாவுக்குப் பின் நாடு ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு காத்திருந்தது. முன்னோடிப் பள்ளி தோன்றிய மாவட்டமே எழுத்தறிவில் பின்தங்கி நின்றது, அருங்காட்சியகத்தைக் காண வருவோர் எண்ணிப் பார்க்க வேண்டிய செய்தியாகும்.

பள்ளி நினைவுச் சின்னமாகும்போது

முன்னோடிப் பள்ளிகளின் கட்டடங்களுக்கு இந்நாட்டில் நேர்ந்த முடிவுகள் பலவகைப்பட்டவை. ராஜ்கோட்டில் 1853இல் தொடங்கிய பள்ளி, சௌராஷ்டிரப் பகுதியின் முதல் ஆங்கிலப் பள்ளியாகும். காந்தியடிகள் பயின்றதும் அங்கேதான். 2017இல் அப்பள்ளி மூடப்பட்டு, மறு ஆண்டு அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. புனே நகரில் 1848இல் ஜோதிராவ் புலேயும் சாவித்திரிபாய் புலேயும் பெண்களுக்கான பள்ளியைத் தொடங்கிய பிடே வாடா என்னும் கட்டடம் சிதைவுற்று நின்றது. நீண்டகால வழக்கிற்குப் பின், தேசிய நினைவுச் சின்னம் எழுப்பும் பொருட்டு அது 2023 டிசம்பரில் இடிக்கப்பட்டது. ஓரிடத்தில் கட்டடம் நிலைத்தது, பள்ளி மறைந்தது. மற்றோரிடத்தில் கட்டடமே மறைந்தது.

சுவர்களைக் காப்பது தேவையான பணி. பிதிஹர்வாவின் மணியும் மேசையும் திரிகையும் கரையானுக்கும் துருவுக்கும் இரையாகாமல் காக்கப்பட வேண்டும். ஆனால் அப்பள்ளி நின்றுபோனதற்குக் காரணம் சுவர் இடிந்தது அன்று. எரிந்த சுவரைச் சில நாட்களில் எழுப்பிவிட முடிந்தது. ஊரில் தங்கிப் பணியாற்றும் மனிதர்களைத் தொடர்ந்து பெற முடியவில்லை. இக்குறை இன்றும் கிராமப் பள்ளிகளைத் தொடர்கிறது. கட்டடம் உயர்ந்தும் ஆசிரியர் அமராத பள்ளிகளையும், ஆசிரியர் அமர்ந்தும் ஊரோடு ஒட்டாத பள்ளிகளையும் கல்வித் துறையினர் அறிவர்.

எனவே இத்தகைய அருங்காட்சியகம் பழம்பொருட் கூடமாக மட்டும் இருந்துவிடலாகாது. சுற்றுவட்டாரப் பள்ளிகளின் மாணவர்கள் ஆண்டுதோறும் அங்கே ஒரு நாளேனும் தங்கி, ஊர்ப் பாதையையோ கிணற்றையோ சீர்செய்யும் பணியில் ஈடுபடலாம். கிராமங்களுக்குப் புதிதாகப் பணியேற்கும் ஆசிரியர்களின் பயிற்சியில் ஒரு பகுதியை அவ்வளாகத்தில் நடத்தலாம். பள்ளி பற்றித் தலைமுறை தலைமுறையாக ஊரார் சொல்லிவரும் செய்திகளை மாணவர்களைக் கொண்டே எழுதித் தொகுக்கலாம். அவந்திகாபாய், சோமன், தேவ் போன்றோரின் பணியும், பெயர் எழுதப்படாத அந்த ஒற்றைப் புடவைப் பெண்ணின் சொல்லும், காந்தியடிகளின் படத்திற்கு அருகில் இடம்பெற வேண்டும். குறிப்பிட்ட நாட்களில் மருத்துவரின் வருகையும், முதியோர் எழுத்து வகுப்பும் அங்கு நடைபெறுமானால், டாக்டர் தேவ் வந்து சென்ற வழக்கம் தொடர்ந்ததாக அமையும். இவற்றிற்குப் பெருநிதி தேவையில்லை. ஊராரிடம் உள்ளதைக் கேட்டுப் பெறும் பழைய உடன்பாடே இவற்றில் பெரும்பாலானவற்றிற்குப் போதும்.

ஆசிரியப் பெருமக்களே, பிதிஹர்வாவுக்கு மாணவர்களை அழைத்துச் செல்லும் வாய்ப்பு உங்களுள் சிலருக்கேனும் கிட்டக்கூடும். அப்போது மணியையும் மேசையையும் காட்டிய பின், திரிகையின் அருகே அவர்களைச் சற்று நிறுத்துங்கள். எழுதப் படிக்க அதிகம் அறியாத ஒருவர் அவ்வூரில் பள்ளிப் பொறுப்பை ஏற்றிருந்தார் என்பதைச் சொல்லுங்கள். அவரும் அவருடன் வந்தவர்களும் திரும்பிச் சென்ற பின் அவ்விடத்தில் தொடர்ந்து பணியாற்ற ஆள் கிடைக்கவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். அதைக் கேட்கும் மாணவர்களுள் ஒருவரேனும் பின்னாளில் ஒரு கிராமத்தில் தங்கிக் கற்பிக்க முன்வருவாராயின், அந்த அருங்காட்சியகத்தைப் பேணி வருவதன் பயன் கிட்டியதாகும்.